எண் வரவேண்டிய கட்டத்தில் ஒரு நட்சத்திரம்

நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஆய்வு நிலையத்திலிருந்து போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அரசாங்கப் பதிவேட்டில் ஏறாத தொழில்களை அளக்க இப்போது புது முறை வந்துவிட்டதாம். செல்போனில் பணம் அனுப்பும் விவரங்கள், வீட்டு மின்சார அளவு, செயற்கைக்கோளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாவற்றையும் கணினியில் கொட்டினால் ஒரு மாநிலத்துக்கே விடை வந்துவிடுகிறதாம். "அந்தக் காலத்தில் நீங்கள் வீடு வீடாகப் போனீர்களாமே, அந்த அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தர முடியுமா?" என்று இளைய சகாக்கள் கேட்டிருந்தார்கள். அந்தக் காலமாம்! நான் ஓய்வு பெற்றே நாலு வருடம்தான் ஆகிறது. ஏதோ மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போன மாதிரி கேட்கிறார்கள்.

அவர்களுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் எழுதாமல் விட்டதை இங்கே தமிழில் எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பு அது. தமிழர்களுக்குத்தான் அது சரியாகப் புரியும்.

பதிவேட்டில் ஏறாத தொழில் என்றதும் கள்ளக்கடத்தல் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பது, ரவிக்கை தைப்பது, பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது, சனி ஞாயிறுகளில் அடுத்தவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது, பாட்டு சொல்லிக்கொடுப்பது, இதெல்லாம்தான். உரிமம் கிடையாது, ரசீது கிடையாது. ஆனால் உழைப்பு நிஜம். இது எவ்வளவு நடக்கிறது என்று தெரியாவிட்டால், ஒரு நாட்டின் உற்பத்தி என்று பெருமையாகச் சொல்லும் எண்ணே அரைகுறைதான். இதை அளக்க மறைமுக வழிகள் உண்டு. புழக்கத்தில் இருக்கும் ரொக்கத்தைப் பார்ப்பார்கள், மின்சாரச் செலவைப் பார்ப்பார்கள். விருந்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை மிச்சமான சோற்றை வைத்துச் சொல்வது மாதிரி. ஓரளவு சரியாகவே வரும். யார் வந்து சாப்பிட்டார்கள் என்பது மட்டும் தெரியாது.

என் படிப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. நாகர்கோவில்காரி. ஊரில் புள்ளியியல் முதுகலை, கல்யாணம், கணவருக்கு நியூ ஜெர்சியில் வேலை. அவரோடு வந்த என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஆறு வருடம் எடிசனில் ஓர் அபார்ட்மென்டில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். பெற்றோர்கள் தீபாவளிக்குப் புடவையும் மாதாமாதம் ஒரு கவரும் கொடுத்தார்கள். கிரீன் கார்டு வந்த பிறகு இங்கே இரண்டு வருடம் படித்து ஆய்வு நிலையத்தில் சேர்ந்தேன். முதல் நாள் கையில் கொடுத்த அறிக்கையைப் படித்தபோதுதான், நாடு அளக்கத் தவறிய பொருளாதாரத்தில் ஆறு வருடம் நானே குடியிருந்திருக்கிறேன் என்று தெரிந்தது.

என் மேலதிகாரி ரூத். பென்சில்வேனியாவில் பால் பண்ணை வைத்திருந்த குடும்பம். ஆறடி உயரம். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். அலுவலகம் பெருக்க வரும் பெண்மணி உட்பட எல்லோரையும் மிஸஸ், மிஸ்டர் என்றுதான் அழைப்பார். எந்த நாட்டுக்காரர் வீடானாலும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிடுவார். உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். கொடுத்ததைச் சாப்பிடுவார். ஒரு வீட்டில் மிளகாய் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, கண்ணில் நீர் வழிய வழிய அடுத்த கேள்வியைக் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நிழல் பொருளாதாரம், கறுப்புப் பொருளாதாரம் போன்ற சொற்களை அவர் அறையில் யாரும் உச்சரிக்கக் கூடாது. நான் ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டேன். "மிஸஸ் சுந்தரம், அந்தப் பெண் பட்டப்பகலில் தன் சமையலறையில் நின்று வேலை செய்கிறார். இதில் நிழல் எங்கே வந்தது?" என்று கேட்டார். அன்றே அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

அவர் உருவாக்கிய முறையை இப்போது நினைத்தாலும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. நியூ ஜெர்சி, டெக்சாஸ், கலிபோர்னியா மூன்றிலும் குறிப்பிட்ட ஊர்களில் சீட்டுக் குலுக்கல் மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுத்து நேரில் போவோம். வேலை, தொழில், வருமானம் என்ற மூன்று சொற்களையும் சொல்லவே கூடாது. முதல் கேள்வி, "நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?" பிறகு அரைமணி அரைமணியாக நாளைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டாவது கேள்வி, "அது யாருக்காக?" எல்லாம் முடிந்த பிறகுதான், "அதற்காக உங்களுக்கு என்ன கிடைத்தது?" பென்சிலால் எழுத வேண்டும். பேனாவைப் பார்த்தால் ஜனங்களுக்கு போலீஸ் ஞாபகம் வரும் என்பார்.

எடிசனில் ஓர் ஆன்ட்டி வீட்டில் முதன்முதலாக அந்த முறையின் அருமையைப் பார்த்தேன். உள்ளே நுழையும்போதே, "நான் வேலைக்கெல்லாம் போகலம்மா, சும்மா வீட்லதான் இருக்கேன், என்கிட்ட என்ன கேக்கப் போற?" என்றார்.

"பரவால்ல ஆன்ட்டி. நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்க?"

"அஞ்சரை. ஏழு மணிக்கு மூணு குழந்தைங்களை ட்ராப் பண்ணிடுவாங்களே."

"யாரோட குழந்தைங்க?"

"மேல் ஃப்ளோர்ல இருக்கிறவங்க, அப்புறம் எதிர் பில்டிங். டேகேர்லாம் இல்லம்மா, சும்மா ஒரு ஹெல்ப்புதான்."

அந்தச் சும்மா காலை ஏழு மணிக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு முடிந்தது. நடுவில் இரண்டு புடவைக்கு ஃபால்ஸ் தைத்திருந்தார். அதன் பிறகு ஒரு மணி நேரம் சுலோக வகுப்பு. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? என்ன கிடைத்தது என்று கடைசியில் கேட்டபோது, "நான் கேட்டதே இல்லம்மா. அவங்களா வெள்ளிக்கிழமை ஒரு கவர்ல நூத்தியொரு டாலர் வெச்சுக் குடுப்பாங்க" என்றார். ஒன்றில் முடிகிற தொகை நம் வழக்கத்தில் மொய், அன்பளிப்பு. நானும் அன்பளிப்பு என்றே குறித்துக்கொண்டு வந்தேன். ரூத் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த அன்பளிப்பு ஏன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருகிறது?" வெட்கத்தோடு அழித்து எழுதினேன். நம் வழக்கம் எனக்குத் தெரியும் என்ற மிதப்பு என்னிடம் இருந்தது. அப்போதே அது கொஞ்சம் தெளிந்திருக்க வேண்டும். தெளியவில்லை.

இனி அந்தத் தப்புக்கு வருகிறேன். எடிசனில் தேர்வான வீடுகளில் ஒன்று செல்வியுடையது. செல்வி என்பது நான் வைத்த பெயர். முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பிள்ளைகள். கணவர் கணினி வேலை. நான் ஆறு வருடம் இருந்த அதே வகை விசா. பிள்ளைகளைப் பள்ளிக்கு பஸ் ஏற்றிவிட்டு, ஒன்பது மணியிலிருந்து மூன்று மணிவரை முந்திரிக்கொத்து செய்து விற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்யாணப் பலகாரம் அது. வறுத்த பாசிப்பயறு மாவும் வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருட்டி, அரிசி மாவில் தோய்த்து, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரிப்பார்கள். ஒரு வாரம் பத்து நாள் கெடாது. அதனால் பெட்டி கட்டி டெக்சாஸில் பிளானோ வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். ஆனால் ஆரம்பிக்கும் முன் என் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எங்கயும் போவாதுல்லக்கா? எங்க கிரீன் கார்டு லைன்ல நிக்குது. என்னால அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் நாலு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"பேரு, அட்ரஸ் எதுவும் வெளியே வராது. நானும் இதே விசாவுல ஆறு வருஷம் இருந்தவதான். என் வாக்கு."

"நீங்க சொன்னா சரிக்கா. நம்ம ஊர்க்காரங்க."

காபி கொடுத்தாள். பெட்டி நிறைய முந்திரிக்கொத்தும் கொடுத்தாள். அங்கேயே சாப்பிடலாம், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது என்பது ரூத்தின் சட்டம். ஆகவே மூன்று கொத்தை அங்கேயே தின்றேன். அத்தனை ருசி.

இரண்டு வருட வேலை முடிந்து அறிக்கை எழுதத் தொடங்கினோம். நாங்கள் அளந்த ஊர்களிலேயே வீட்டுத் தொழில் மிக அதிகமாக நடந்தது எடிசனில்தான். அந்த எண்தான் அறிக்கையின் உயிர். மறைமுக முறைகள் சொன்னதைவிட அது எவ்வளவோ பெரிது. அந்த எண்ணை நான்தான் வீடு வீடாகப் போய்க் கொண்டுவந்தேன் என்று எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒவ்வோர் ஊருக்கும் எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைப் பற்றிப் பெயரில்லாமல் அரைப் பக்கம் எழுதுவது வழக்கம். நான் செல்வியை எழுதினேன். பெயர் இல்லை, தெரு இல்லை, வயதில்லை. ஆனால் பலகாரத்தைப் பாசிப்பயறு, வெல்லம், மூன்று மூன்றாக ஒட்டிய கொத்து என்று ரசித்து ரசித்து எழுதியிருந்தேன். வளைகாப்புக்கும் கல்யாணத்துக்கும் பெட்டி பெட்டியாகப் பிளானோவுக்குப் போகிறது என்றும் சேர்த்தேன்.

ரூத் அந்தப் பக்கத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"மிஸஸ் சுந்தரம், இந்தப் பலகாரத்தை வேறு யாராவது செய்கிறார்களா?"

"எங்கள் ஊரில் இது இல்லாமல் கல்யாணமே கிடையாது. எல்லார் வீட்டிலும் செய்வார்கள்" என்றேன்.

"இங்கே?"

"இங்கேயும்தான்."

யோசிக்காமல் சொன்னேன். என் மனதில் இருந்தது நாகர்கோவில் கல்யாண வீடுகளின் அடுப்பு. எடிசன் அடுப்புகளில் எத்தனை பேர் அதற்குக் கால்கடுக்க நிற்கிறார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணுவதுதான் என் தொழில். ரூத் பக்கத்தின் ஓரத்தில் ஒரு டிக் போட்டார்.

அறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன் உள்ளூர்ப் பிரமுகர்கள் சிலருக்குக் காட்டிக் கருத்துக் கேட்பது ரூத்தின் பழக்கம். ஒரு சனிக்கிழமை காலை நூலகத்தின் கூட்ட அறையில் பதினான்கு பேர் கூடினார்கள். பதினான்கு பிரதிகள். ஒவ்வொன்றிலும் எண் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தோம். ஆய்வுக்குப் பணம் கொடுத்த வாரியத்தின் அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். தமிழர்கள் தரப்பில் பாஸ்கர் சார் வந்திருந்தார். ஓய்வு பெற்ற இன்ஜினியர், நல்ல மனிதர், ஊரில் நடக்கும் எல்லா விசேஷத்துக்கும் முன்னால் நிற்பவர்.

அரைமணி நேரம் அறையில் தாள் புரளும் சத்தம் மட்டும் இருந்தது. பாஸ்கர் சார் திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். எந்தப் பக்கம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அட, இது நம்ம செல்வி இல்ல? முந்திரிக்கொத்து! என் பொண்ணு வளைகாப்புக்கு நாங்களே இருநூறு பீஸ் ஆர்டர் பண்ணினோமே. நியூ ஜெர்சி பூரா தேடினாலும் இதைப் பண்றது அந்தப் பொண்ணு ஒருத்திதான்மா!" என்றார் என்னிடம். அதோடு விட்டாரா, எல்லோரையும் பார்த்து ஆங்கிலத்திலும் பெருமையாகச் சொன்னார். இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், பிரமாதமான கைப்பக்குவம் என்று.

வாரியத்து அதிகாரி நிமிர்ந்தார். "அப்படியா? பெயர் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டபடி தன் பிரதியின் ஓரத்தில் ஏதோ எழுதினார்.

ரூத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் பாஸ்கர் சாரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார். "இந்தப் பிரதியில் ஒரு பிழை இருக்கிறது. அது என் பிழை. தேநீர் சாப்பிடுங்கள். அதற்கு முன் எல்லோரும் பிரதிகளை மூடி என்னிடம் கொடுத்துவிடுங்கள்" என்றார். ஒவ்வொன்றாக வாங்கி, எண்ணைப் பார்த்து, கையெழுத்துக்கு எதிரே குறித்தார். பதின்மூன்று வந்தது. ஒன்பதாம் எண் போட்ட பிரதியைக் காணோம். அந்த அதிகாரி யாருடனோ போனில் பேசியபடியே ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

ரூத் பாஸ்கர் சாரைத் தனியே அழைத்து, அந்தப் பெண்ணின் விசா நிலைமையைப் பற்றி எதுவும் சொல்லாமல், பெயரை மறந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அவர் முகம் செத்துவிட்டது. "ஐயோ, நான் பெருமையாத்தானேம்மா சொன்னேன்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனால் பாஸ்கர் சார் அன்றைக்கு மூடிய வாயை இன்றுவரை திறக்கவில்லை. அவருக்கு என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

காரில் ஏறியதும் அழுதுவிட்டேன். "நீங்கள் கேட்டீர்கள். நான்தான் யோசிக்காமல் சொன்னேன்."

"நான் சரியான கேள்வியைத்தான் கேட்டேன்" என்றார் ரூத். "ஆனால் ஒரே ஆளிடம் கேட்டேன். அது என் தப்பு. இப்போது வழி சொல்லுங்கள்."

அந்த அதிகாரியின் வீட்டு விலாசத்தைத் தேடத் தொடங்கினேன். ரூத் வேண்டாம் என்று தலையசைத்தார். "பிரதியை அப்புறம் வாங்கலாம். அந்தப் பெண் இதை வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. முதலில் அங்கே போக வேண்டும்."

செல்வி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் ஆறடி வெள்ளைக்காரப் பெண்மணியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ரூத் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். "இவர் மேல் தப்பில்லை, அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான்" என்று அவர் சொன்னதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. ரூத் அதைக் கண்டுபிடித்து, செல்வியைப் பார்த்து ஆங்கிலத்தில் மெதுவாக மறுபடியும் சொன்னார்.

செல்வி அடுப்பை அணைத்தாள். எண்ணெய்ச் சட்டியில் பொரிந்துகொண்டிருந்தது அப்படியே கிடந்தது.

"அக்கா, நீங்க வாக்குன்னு சொன்னீங்களே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உட்காரச் சொல்லவில்லை. காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. ஒரு தமிழ் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நான் வெளியே வந்தது அந்த ஒரு நாள்தான். அதன் அர்த்தம் ரூத்துக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். படியிறங்கும்போது, "முதல் தடவையாக எனக்கு யாரும் எதுவும் தரவில்லை. சரியாகத்தான் செய்தார்" என்றார்.

திங்கட்கிழமை காலை, பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த அதிகாரியின் அலுவலகத்தில் எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டோம். அவர் ஒன்பதாம் பிரதியை எடுத்து மேஜை மேல் வைத்தார். கொடுக்கவில்லை.

"இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்கள் நாங்கள். எடிசன் எண் நம்பமுடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது. அந்த ஊரின் மூலத் தாள்களை, பெயர் விலாசத்தோடு, எங்களுக்குக் கொடுங்கள். நாங்களே இரண்டு வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்கிறோம்" என்றார். அவர் கேட்டதில் அநியாயம் ஒன்றுமில்லை என்றுதான் அவர் நினைத்தார். எண்ணைச் சந்தேகிப்பது அவர் வேலை.

ரூத் ஒப்பந்தத்தை எடுத்து, பெயர்களை யாருக்கும் தருவதில்லை என்ற பத்தியைப் படித்துக் காட்டினார். பிறகு தாளை மடித்தார். "நீங்கள் எண்ணுக்குப் பணம் கொடுத்தீர்கள். பெயருக்கு இல்லை."

"பெயர் இல்லாமல் இந்த எண்ணை எப்படி நம்புவது?"

"நம்ப வேண்டாம். அந்த எண்ணை எடுத்துவிடுகிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதிகாரிக்கும்தான். "அந்த எண் போனால் அறிக்கையில் என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

"குறைவாக இருக்கும்" என்றார் ரூத்.

அதிகாரி பிரதியைத் தள்ளினார். ஓரத்தில் அவர் எழுதியிருந்த பெயர் தெரிந்தது, எழுத்துப் பிழையோடு. அவரும் அதைப் பார்த்தார். "எனக்குப் பெயர்களே ஞாபகத்தில் நிற்பதில்லை, என் மனைவி எப்போதும் சொல்வாள்" என்றார். அன்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்றுவரை மரியாதையோடு நினைக்கிறேன்.

அலுவலகம் வந்து பதினான்கு பிரதிகளையும் ஒவ்வொன்றாக தாளை நாராகக் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டோம். ரூத் விட, நான் எண்ணினேன். செல்வியைப் பற்றிய அரைப் பக்கத்தை அறிக்கையிலிருந்தே எடுத்தோம். பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பமானது. அட்டவணையில் ஓர் ஊரின் கட்டத்திலிருந்து எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டால் மட்டும் போதாது. மொத்தத்திலிருந்து மற்ற ஊர்களைக் கழித்தால் மறைத்த எண் தானாக வெளியே வந்துவிடும். ஆகவே கூடவே இன்னொரு ஊரையும் மறைக்க வேண்டும். நான் இப்போது குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரையும் அப்படி மறைத்தோம். அதனால் வேறு மூன்று அட்டவணைகள் ஆட்டம் கண்டன. அவற்றையும் சரிசெய்தோம். மூன்று நாள், காலையிலிருந்து மாலைவரை, ரூத் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பென்சிலால் கழித்துக் கழித்துப் பார்த்தார். எந்தக் கெட்டிக்காரன் எந்தப் பக்கமாக வந்தாலும் செல்வியின் வீட்டு வாசலுக்கு வழி கிடைக்கக் கூடாது என்பதே அவர் குறியாக இருந்தது. என் இரண்டு வருட உழைப்பு ஒரு நட்சத்திரமாகச் சுருங்கியது. எனக்கு அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அறிக்கை வந்தது. யாரும் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த சுற்று ஆய்வை வாரியம் எங்களுக்குத் தரவில்லை. ரூத் நினைத்திருந்ததற்கு ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்றுக்கொண்டார். எல்லாவற்றுக்கும் காரணம் நான் சொன்ன "இங்கேயும்தான்" என்ற ஒற்றைச் சொல். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. வழியனுப்பு விருந்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மிஸஸ் சுந்தரம் போகும் வீட்டில் ஜனங்கள் உண்மையைச் சொல்வார்கள்" என்று எல்லோருக்கும் சொன்னார். என்னால் அன்று சாப்பிட முடியவில்லை.

செல்வி எட்டு மாதம் அடுப்பு மூட்டவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். யாரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஒரு கடிதம்கூட வரவில்லை. நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அடுத்த வருடம் ஒருநாள் அவளே போன் செய்தாள்.

"அக்கா, ஒர்க் பர்மிட் வந்துருச்சு. மொத போன் உங்களுக்குத்தான் பண்றேன்."

"ஏன் எனக்கு?" என்றுதான் கேட்கத் தோன்றியது.

"பின்னே? அந்த அம்மா வாசல்ல ஷூவக் கழட்டிட்டு நின்னு சாரி சொன்னாங்களே. இந்த நாட்டுல எனக்கு வேற யாருக்கா அப்படிச் சொல்லியிருக்காங்க?"

இப்போது ஸ்ட்ரிப் மால் என்கிற சாலையோரக் கடை வரிசை ஒன்றில் அவளுக்குக் கடை இருக்கிறது. உரிமம் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. போன வாரம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொல்ல அங்கே போனேன். பழைய அறிக்கையையும் கொண்டுபோயிருந்தேன். அட்டவணையைப் பிரித்து அவள் ஊருக்கு நேரே இருந்த நட்சத்திரத்தைக் காட்டினேன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்குள்ளயாக்கா நான் இருக்கேன்?"

"நீங்க மட்டும் இல்ல, உங்க ஊரே இருக்கு."

"நல்லாத்தான் ஒளிச்சு வெச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். "இப்ப என்ன பயம், தாராளமா எழுதுங்க. கடைப் பேரையும் போடுங்க, எனக்கு அட்வர்டைஸ்மென்ட் ஆச்சு." காபி கொண்டுவந்து வைத்தாள். ஆறும்வரை காத்திராமல் குடித்தேன்.

ரூத்துக்கு எண்பத்தொரு வயது. பென்சில்வேனியாவில் தங்கை வீட்டோடு இருக்கிறார். நேற்று போனில் அழைத்து, அந்தப் பழைய கதையைத் தமிழில் எழுதுகிறேன், செல்வி சம்மதித்துவிட்டாள் என்றேன்.

"மிஸஸ் சுந்தரம், பெயரை மாற்றிவிட்டீர்கள் அல்லவா?"

"மாற்றிவிட்டேன். ஊரையும் மாற்றிவிட்டேன்."

"பலகாரத்தை?"

"அதையும்தான். அதற்காக நான் பிறந்த ஊரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது."

சிரித்தார். பிறகு, நான் எதிர்பார்த்த அந்தக் கேள்வியைக் கேட்டார். "புதிதாகப் போட்ட பலகாரத்தை அங்கே யாராவது செய்கிறார்களா?"

"விற்பதற்கு ஒருவர்கூடச் செய்யவில்லை. அது யார் வீட்டு வாசலுக்கும் வழி காட்டாது. ஏழு பேரிடம் தனித்தனியாக விசாரித்தேன்" என்றேன்.

"நல்லது. அப்படியானால் அச்சுக்குக் கொடுங்கள்" என்றார் ரூத்.